தலைமேல் ஏற்றிய பாரம்

கொற்கையில் இப்போது கப்பல் இல்லை, கார் இருக்கிறது. பாண்டியர்களின் துறைமுகமாய் விளங்கி, கிரேக்க மாலுமிகள் 'கொல்கோய்' என்று ஏட்டில் குறித்துவைத்த இந்த ஊரைவிட்டுக் கடல் சில கிலோமீட்டர் கிழக்கே விலகிப் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. முத்து ஏறிய ஊரில் இன்று வாழைத்தாரும் நெல்லும் ஏறுகின்றன. ஏற்றுகிற சரக்கு மாறினாலும் ஏற்றுகிற சாஸ்திரம் மாறவில்லை. கனமானதைக் கீழே வை. லேசானதை மேலே வை. எதுவானாலும் அசையாமல் கட்டு. கப்பலில் சரக்கேற்றிய நம் முன்னோருக்கு இந்த மூன்று விதிகளும் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அதே ஊரில் இருபது வருஷமாகப் பாடம் சொல்லிவரும் நமக்குத்தான் தெரியவில்லை. அந்த வெட்கக் கதையையும், அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டதையும் நேயர்களுக்குச் சொல்லிவிடுவது நம் கடமை. ஏனென்றால், பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்திலும், திருச்செந்தூர் விசேஷ நாட்களிலும், வீடு மாறும்போதும், காரின் தலைமேல் சாமான் ஏற்றாத குடும்பம் இப்போது அநேகமாகக் கிடையாது.

நம் மூத்த பெண்ணுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். ஒரு மெத்தை, ஒரு மடக்கு மேஜை, புத்தகங்கள் நிறைந்த ஒரு டிரங்குப் பெட்டி, வாளி, குடம், ஊறுகாய் ஜாடி எல்லாம் திண்ணையில் வந்து உட்கார்ந்தன. நம்முடையதோ சின்னக் கார். ஐந்து பேர் ஏறிய பிறகு அதில் ஊறுகாய் ஜாடிக்குக்கூட இடம் இருப்பது சந்தேகம்.

"ஏங்க, ஒரு வேன் பிடிச்சிருவோமே?" என்றாள் இல்லத்தரசி.

"எதற்கு வீண் செலவு? மேலே கேரியர் போட்டால் போயிற்று" என்றோம் நாம்.

நண்பர் ஒருவரிடம் இரண்டு குறுக்குச் சட்டங்கள் சும்மா கிடந்தன. கடைக்காரர்கள் 'கிராஸ் பார்' என்று சொல்கிறார்களே, அவைதாம். காரின் கூரைக்குக் குறுக்கே முன்னொன்றும் பின்னொன்றுமாக நிற்கும் இந்தச் சட்டங்கள்மேல்தான் கூடையோ, பெட்டியோ, சைக்கிளோ, ஏணியோ உட்கார வேண்டும். நம் காரின் கூரையில் இரண்டு பக்கமும் நீளவாட்டில் பளபளவென்று இரண்டு தண்டுகள் இருந்தன. நண்பரின் சட்டங்களை அவற்றின்மேல் வைத்துத் திருகினோம், கச்சிதமாக உட்கார்ந்தன. டிரங்குப் பெட்டியை வைத்து, அதன்மேல் மேஜையை வைத்து, அதற்கும் மேல் மெத்தையை விரித்து, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம். கயிற்றை இழுத்துப் பார்த்துத் திருப்தியோடு தலையை அசைத்துக்கொண்டோம். தாம் கட்டிய கட்டைத் தாமே இழுத்துப் பார்த்துத் திருப்தியடையாத மனிதன் இவ்வுலகில் இல்லை.

ஏரல், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் தாண்டியாயிற்று. கருங்குளத்தையும் கடந்து செய்துங்கநல்லூரை நெருங்கும் சமயம், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். தலைக்குமேல் படபடவென்று ஒரு சப்தம். "அப்பா, மெத்தை!" என்று பெண் கத்தினாள். அடுத்த கணம், துணி கிழிவது போன்ற ஓர் ஓசை. கண்ணாடியில் பார்த்தபோது, நம் மெத்தை ஆகாயத்தில் நிமிர்ந்து நின்று, பிறகு மெதுவாகச் சாலையில் விழுந்துகொண்டிருந்தது.

அதன் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது.

ஓட்டி வந்த இளைஞர் பின்ஸீட்டில் வாழையிலைக் கட்டு வைத்திருந்தார். அவர் வண்டியை ஒடித்துச் சாலையோர மணலில் இறக்கினார், வண்டி சாய்ந்தது, இலைகள் சிதறின. நாம் காரை நிறுத்திவிட்டு ஓடினோம். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. வேறு சேதம் இல்லை. இல்லத்தரசி குடத்திலிருந்த தண்ணீரால் அவர் கையைக் கழுவிவிட்டாள். நாம் என்னவோ உளறினோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை.

"பரவாயில்ல ஸார், சிராய்ப்புதான். தினமும் இலைக்கட்டு இருக்கிற இடத்துல நேத்து என் பிள்ளை உட்கார்ந்து வந்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இலைக்கு உண்டான பணத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

காரைத் திரும்பிப் பார்த்தோம். பின்பக்கத்து இடது தண்டு கூரையிலிருந்து பெயர்ந்து, குறுக்குச் சட்டத்தோடு சேர்ந்து அந்தரத்தில் நின்றது. டிரங்குப் பெட்டி ஒற்றைக் கயிற்றில் ஊசலாடிக்கொண்டிருந்தது. மெத்தைக்குப் பதில் அது விழுந்திருந்தால், இந்தப் பத்தியை எழுத நமக்குக் கை வந்திராது.

காருடன் கொடுத்த புத்தகத்தை அன்று இரவுதான் முதன்முதலாகப் பிரித்துப் படித்தோம். அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது: கூரையில் உள்ள தண்டுகள் அலங்காரத்துக்காக அமைந்தவை, அவற்றில் எந்தப் பாரத்தையும் ஏற்றலாகாது. கேரியர் பொருத்துவதானால், கதவுச் சட்டத்தில் குறித்துள்ள இடங்களில் மட்டும் பிடிப்புக் கொடுத்துப் பொருத்த வேண்டும். கூரைமேல் மொத்தம் 50 கிலோவுக்கு மேல் கூடாது. கேள்வித்தாளை இரண்டு முறை படித்துவிட்டு விடை எழுதுங்கள் என்று ஆயிரம் மாணவர்களுக்கு உபதேசம் செய்த நாம், ஒரு முறைகூடப் படிக்காமல் பரீட்சை எழுதியிருக்கிறோம். வண்டிப் பாரத்தைப் பற்றி வள்ளுவர் எச்சரித்ததையும் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம்!

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். பெட்டி 28 கிலோ, மெத்தை 14, மேஜை 12, சட்டங்கள் 5. ஆக 59 கிலோ. நல்ல கேரியராக இருந்தாலும் 9 கிலோ அதிகம். ஆனால் தண்டைப் பெயர்த்தது இந்த எடை மட்டும் அல்ல. காற்று.

காற்றின் கணக்கு நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி. கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காற்றை நேர்முகமாக எதிர்க்கிற ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் சுமார் 12 கிலோ எடைக்குச் சமமான தள்ளுதல் விழுகிறது. வேகம் இரட்டித்து 100 ஆனால் தள்ளுதல் 24 ஆகும் என்று நினைப்போம். அப்படி அல்ல, சுமார் 47 ஆகிறது. வேகம் இரு மடங்கு ஆனால் காற்றின் பலம் நான்கு மடங்கு. வேகம் மூன்று மடங்கு ஆனால் ஒன்பது மடங்கு. ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள மெத்தை முன்விளிம்பு தூக்கி நிமிர்ந்துவிட்டால், 70 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் காற்று சுமார் 40 கிலோ பலத்தோடு பிடித்து இழுக்கும். பதினான்கு கிலோ மெத்தைதானே என்று கட்டினோம். காற்றோ அதைக் கப்பல் பாயாக்கிவிட்டது. கொற்கையில் பாய்மரம் போயிற்று என்று யார் சொன்னது?

*

ஒரு மாதம் கழித்து முறையாகக் கேரியர் பொருத்துவது என்று தீர்மானித்து, திருநெல்வேலியில் இந்த வேலையில் பழக்கமுள்ள ஒரு தொழிலாளியிடம் போனோம். அண்ணாச்சி என்றே எல்லாரும் அவரை அழைக்கிறார்கள். நாமும் அப்படியே அழைத்தோம். சட்டங்களைக் காட்டச் சொன்னோம். அவர் சட்டங்களைக் காட்டவில்லை. "முதல்ல கூரையைக் காட்டுங்க ஸார். சட்டம் எல்லாம் பலமாத்தான் இருக்கும். கால் எங்க நிக்குதுங்கிறதுதான் விஷயம்" என்றார்.

இதுதான் இந்த வித்தையின் மூல மந்திரம். குறுக்குச் சட்டம் முறிந்து விபத்து நேர்ந்தது என்று கேள்விப்படுவது அபூர்வம். சட்டத்தைத் தாங்கும் கால் வழுக்குகிறது. அல்லது கால் பற்றியிருக்கும் இடம் பெயர்ந்துவிடுகிறது. ஆகவே, கடைக்குப் போகுமுன் நம் காரின் கூரை எந்த ஜாதி என்று அறிந்துகொள்ள வேண்டும்.

பழைய அம்பாஸடர் காரை நினைவிருக்கும் நேயர்களுக்கு, அதன் கூரை ஓரத்தில் மழைநீர் வடிய ஓர் இரும்பு விளிம்பு ஓடியதும் நினைவிருக்கும். கேரியரின் கால்கள் அந்த விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். கல்யாணப் பெட்டிகளும் பந்தி ஜமுக்காளங்களும் அதன்மேல் ஏறி ஊர் ஊராகப் போயின. 2014-இல் அம்பாஸடர் உற்பத்தி நின்றுவிட்டது. இக்காலத்துக் கார்களில் அந்த விளிம்பும் இல்லை. அதனால்தான் தாத்தா காரில் செய்ததை நம் காரில் செய்ய முடிகிறதில்லை.

இப்போதுள்ள கூரைகள் பெரும்பாலும் நான்கு வகை. முதலாவது, கூரைக்குமேல் விரல் நுழைய இடைவெளி விட்டு நிற்கும் தண்டுகள். பாரம் தாங்கவே செய்த தண்டானால், குறுக்குச் சட்டத்தின் கால் அதைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும், பொருத்துவது சுலபம். இரண்டாவது, கூரையோடு ஒட்டி இடைவெளியின்றி ஓடும் தண்டு. இதற்கு அதன் உள்விளிம்பைக் கவ்வும் தனிவகைக் கால் வேண்டும். மூன்றாவது, கூரையில் சிறு மூடிகளுக்கு அடியில் மரை போட்ட துளைகளைத் தயாரிப்பாளரே வைத்திருப்பது. கால்கள் திருகாணியால் நேரே இறங்கி நிற்பதால் இது மிகவும் உறுதி. நான்காவது, ஒன்றுமே இல்லாத மொட்டைக் கூரை. இதில் கால் கூரைமேல் ரப்பர் மெத்தையில் உட்காரும். ஓர் உலோகக் கொக்கி கதவு மூடும் விளிம்புக்குள் நுழைந்து கீழே இழுத்துப் பிடிக்கும். ஒவ்வொரு காரின் விளிம்புக்கும் வளைவு வெவ்வேறாகையால் ஒரு காரின் கொக்கி இன்னொன்றுக்குப் பொருந்தாது. நண்பர் வீட்டுச் சட்டத்தை இரவல் வாங்குவது, அவர் மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்குவதற்கு ஒப்பானது.

இவை தவிர ஐந்தாவதாக ஒரு வகை உண்டு: நம்மை ஏமாற்றிய அலங்காரத் தண்டு. கண்ணுக்கு முதல் வகைபோலவே இருக்கும். ஒட்டுப் பட்டையாலோ சிறு திருகுகளாலோ கூரைமேல் நிற்கும். கையால் ஆட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சின்னக் கார்களிலேயே, தண்டு 50 கிலோ தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதிக்கொடுப்பவையும் இருக்கின்றன. அலங்காரம் என்று எழுதிக்கொடுப்பவையும் இருக்கின்றன. ஆகவே பார்வையை நம்பாமல் புத்தகத்தை நம்ப வேண்டும். விற்பவர் வாய்மொழியையும் நம்ப வேண்டாம்.

*

அடுத்தது எடைக் கணக்கு. புத்தகம் 50 கிலோ என்றால், அது சாமானின் எடை அன்று. கூரைமேல் இருக்கும் சகலத்தின் எடை. சட்டங்களும் கால்களும் 5 கிலோ. மேலே இரும்புக் கூடை வைத்தால் அது 12 கிலோ. மீதி 33 கிலோதான் நமக்கு. இதை மனத்தால் மதிப்பிடாமல் தராசில் நிறுத்துவிட வேண்டும். நாம் இப்போது அரிசிக் கடைத் தராசில் நிறுக்கிறோம். கடைக்காரர் முதலில் சிரித்தார், இப்போது பழகிவிட்டார். நின்றிருக்கும் காரின் கூரை இன்னும் அதிகம் தாங்குமே என்று சிலர் வாதிப்பார்கள். வாஸ்தவம். ஆனால் ஓடுகிற கார் குழியில் இறங்கும், வளைவில் சாயும், பிரேக் போடும். திடீர் பிரேக் போட்டால் 40 கிலோ சாமான் 32 கிலோவுக்குச் சமமான பலத்தோடு முன்னுக்குப் பாயப் பார்க்கும். அந்த பலம் முழுவதையும் நான்கு கால்களும் கயிறும்தான் தாங்க வேண்டும்.

பாரம் உயரத்தில் ஏற ஏறக் காரின் கனமும் உயரத்தில் ஏறுகிறது. வளைவில் அது கவிழப் பார்க்கும். பக்கக் காற்றில் தடுமாறும். அதனால் புத்தகப் பெட்டி காருக்குள்ளே, அதுவும் தரையில். மெத்தையும் துணியும் மேலே. வீட்டில் மேஜைமேல் இருப்பதெல்லாம் காரிலும் மேலே இருக்க வேண்டும் என்ற விதி இல்லை.

நம் ஊர் வன்னிமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் ஐம்பது வருஷம் பார வண்டி ஓட்டியவர். அவரிடம் நம் கதையைச் சொன்னபோது, "முன்பாரம் பின்பாரம் பாத்தீகளா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். வண்டியில் முன்பாரம் அதிகமானால் நுகத்தடி காளையின் கழுத்தை அமுக்கும்; பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். காளையின் கஷ்டம் கண்ணுக்குத் தெரியும். காருக்கு வாய் இல்லை. ஆனால் கணக்கு அதே கணக்குத்தான். சாமான் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே, இரு பக்கமும் சமமாக உட்கார வேண்டும்.

*

இனி, சட்டத்தைத் தேர்ந்தெடுப்பது. கடையில் மூன்று உருவங்கள் கிடைக்கின்றன. சதுரக் குழாய் எஃகுச் சட்டம் மலிவு, பலம். ஆனால் காற்றில் ஊளையிடும், துருப்பிடிக்கும். உருண்டைக் குழாய் சற்றுத் தேவலை. மூன்றாவது, ஆகாய விமானத்தின் இறக்கையைப்போல முன்புறம் பருத்துப் பின்புறம் மெலிந்த அலுமினியச் சட்டம். விலை அதிகம், சத்தமும் பெட்ரோல் செலவும் குறைவு. வருஷத்துக்கு இரண்டு முறை உபயோகிப்பவருக்குச் சதுரச் சட்டமே போதும். வாராவாரம் உபயோகிப்பவர் மூன்றாவதை வாங்கினால் நஷ்டமில்லை. திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி வரை உப்புக் காற்றில் வாழும் நமக்கு மற்றொரு கவலையும் உண்டு. பொடிப்பூச்சு உதிர்ந்த எஃகு நம் பக்கத்தில் சீக்கிரம் துருவேறிவிடும். அலுமினியச் சட்டத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போட்டிருந்தாலும், உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அந்த இடத்தில் அரிக்கும். திருகாணியில் சிறிது கிரீஸ் தடவி வைப்பது நல்லது.

கூரைக் கேரியர்களுக்கென்று சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் 11154 என்ற எண்ணில் ஒரு பிரமாணம் வகுத்திருக்கிறது. வாங்கும் சட்டம் அதன்படி சோதிக்கப்பட்டதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. இந்தத் தொழிலில் உலகப் பிரசித்தி பெற்ற 'தூலே' என்னும் ஸ்வீடன் தேசத்து ஸ்தாபனம், 1942-இல் எரிக் தூலின் என்பவரால் மீன் பிடிக்கும் பொறி விற்கத் தொடங்கப்பட்டதாம். மீனவர்களுக்குப் பொறி செய்த கை பிற்பாடு காருக்குச் சட்டம் செய்தது. பிடித்ததை நழுவவிடாமல் பிடித்திருப்பதுதானே இரண்டுக்கும் தத்துவம்!

*

பொருத்துகிற நாளில் அண்ணாச்சி செய்ததை அப்படியே எழுதுகிறோம். முதலில் கூரையை ஈரத்துணியால் துடைத்து, கால் உட்காரும் இடத்தையும் ரப்பரின் அடிப்புறத்தையும் சுத்தமாக்கினார். நம் பக்கத்துத் தேரிமணலில் இரண்டு துகள் ரப்பருக்கு அடியில் தங்கினால் போதும். ஒரே பிரயாணத்தில் வர்ணத்தைத் தேய்த்துவிடும். பிறகு டேப்பு வைத்து, புத்தகத்தில் சொன்ன இடத்தை அளந்து குறித்தார். புத்தகத்தில் இடம் சொல்லாத கார்களில், சட்டங்களுக்கு இடையே குறைந்தது 70 சென்டிமீட்டராவது இருக்குமாறு பார்ப்பது வழக்கம். நெருங்கி நின்றால் நீளமான சாமான் ஏற்றமரம்போல ஆடும். சட்டம் இரு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்கிறதா, இரண்டு சட்டங்களும் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளனவா என்று மூலைக்கு மூலை அளந்தார். நாம் வகுப்பில் சொல்லும் செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்ற சூத்திரம் இப்படிக் கூரைமேல் பயன்படும் என்று நாம் கனவிலும் நினைக்கவில்லை.

திருகும்போது ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போகவில்லை. இங்கே நாலு சுற்று, அங்கே நாலு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினார். நம் பலத்தையெல்லாம் காட்டி முறுக்கவும் கூடாது; மரை தேயும், கூரை நசுங்கும். சட்டத்துடன் வரும் அளவுச் சாவி, போதும் என்ற இடத்தில் 'டிக்' என்று சொல்லும், அதற்குமேல் வேண்டாம். முடிவில் சட்டத்தைப் பிடித்துக் காரையே ஆட்டினார். கார் ஆடியது, சட்டம் ஆடவில்லை. "அம்பது கிலோமீட்டர் ஓடினப்புறம் மறுபடி ஒரு தடவை இறுக்கிருங்க. ரப்பர் அமுங்கும்" என்றார். அதன்படி நிறுத்திப் பார்த்தபோது, நான்கில் ஒரு கால் அரைச்சுற்று இறங்கியது. கூரையில் ஜன்னல் உள்ள கார் வைத்திருப்பவர்கள், அது திறக்கும்போது சட்டத்தில் இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டுவதும் ஒரு கலை. நைலான் கயிறு நனைந்தால் நீளும். நம் முடிச்சு காற்றில் அதிர்ந்து தளரும். கொக்கியும் பக்கிளும் உள்ள பட்டைக் கயிறே உசிதம். ரப்பர்க் கயிறு பாரம் தாங்க உதவாது. இழுத்தால் நீளுவது அதன் சுபாவம். பட்டையைச் சாமானில் மட்டும் சுற்றாமல், சட்டத்துக்கு அடியில் விட்டுச் சுற்றிக் கட்ட வேண்டும். நடுவில் ஒரு முறுக்குக் கொடுத்தால் காற்றில் ரீங்காரம் செய்யாது. ஏணிபோல நீண்ட சாமானுக்கு, முன்னும் பின்னும் காரின் அடியில் உள்ள வளையங்களோடு தனிக்கட்டு வேண்டும். மெத்தையானால் விரிக்கவே கூடாது. சுருட்டி, உறையிட்டு, காருக்குக் குறுக்கே அல்லாமல் நீளவாட்டில் படுக்கவைக்க வேண்டும். காற்றுக்கு எதிரே எவ்வளவு குறைந்த முகம் காட்டுகிறோமோ அவ்வளவு நல்லது.

*

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். இது அலுமினியச் சட்டம் அல்ல, சர்க்கார் சட்டம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கூரையில் துளையிட்டும் பற்றவைத்தும் நிரந்தரக் கேரியர் செய்வது வம்பு. கழற்றி மாட்டுவதே புத்திசாலித்தனம். சந்தேகம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடலாம். சாமான் காரின் பக்கத்துக்கோ, முன்னுக்கோ, பின்னுக்கோ நீட்டிக்கொண்டிருந்தாலும், உயரம் வரம்பு மீறினாலும், 2019-இல் செய்த திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம். இறக்கும் கூலியும் நம் தலையில். சாமானோடு சேர்த்துக் காரின் மொத்த உயரத்தை அளந்து, ஒரு சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவைப்பது உத்தமம். வாகன நிறுத்தங்களின் தாழ்ந்த கூரைகள் நம் ஞாபகமறதியை மன்னிப்பதில்லை.

வேலை முடிந்ததும் சட்டங்களைக் கழற்றிவிட வேண்டும். கூரைமேல் பெரிய சாமான் பெட்டி இருந்தால், நகரத்தில் எரிபொருள் சிக்கனம் 2 முதல் 8 சதவிகிதமும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவிகிதமும், மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவிகிதமும் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கிட்டிருக்கிறது. வெறும் சட்டத்துக்கு நஷ்டம் இவ்வளவு இல்லை. ஆனால் அது வருஷம் பூராவும் தொடர்கிற நஷ்டம். 2015-ஆம் ஆண்டில் அந்த நாட்டில் கூரைக் கேரியர்கள் மட்டும் சுமார் 10 கோடி காலன், அதாவது 38 கோடி லிட்டர் பெட்ரோலைக் குடித்தன என்று 2016-இல் ஆராய்ச்சியாளர் இருவர் எழுதினார்கள். தீபாவளிக்குப் போட்ட கேரியரைப் பங்குனி உத்திரம் வரை சுமந்து திரிவது அந்தஸ்து என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

*

பெண்ணின் முதல் விடுமுறை முடிந்து, மறுபடியும் பாளையங்கோட்டைக்குப் புறப்படும் நாள் வந்தது. புதுச் சட்டங்கள், கதவு விளிம்பில் நான்கு கால்கள், மேலே சுருட்டிய மெத்தையும் மேஜையும், இரண்டும் சேர்ந்து 26 கிலோ, பெட்டி காருக்குள்ளே. வேகம் 60-ஐத் தாண்டுவதில்லை என்று இல்லத்தரசியிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. நாம் பட்டையை இழுத்துப் பார்த்து, பழைய வழக்கப்படி தலையை அசைத்தோம். பெண்ணோ காரில் ஏறவில்லை. பின்பக்கம் போய்ப் பத்தடி தூரத்தில் சாலையில் நின்றுகொண்டாள்.

"அப்பா, இந்தக் காருக்குப் பின்னால் நீங்கள் மோட்டார் சைக்கிளில் வருவீர்களா? தம்பியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு?" என்று கேட்டாள்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. நான்கு கால்களையும் மறுபடி ஒரு முறை பிடித்துப் பார்த்தோம். ஒரு பட்டையை அவிழ்த்து, இன்னும் சற்று இறுக்கிக் கட்டினோம். பிறகு அவள் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, "வருவேன்" என்றோம்.

அதற்கப்புறம்தான் அவள் ஏறினாள். இப்போது நம் வீட்டில் காரின் தலைமேல் எதை ஏற்றினாலும், யாராவது ஒருவர் பின்னால் போய் நின்று அந்தக் கேள்வியைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. நேயர்களும் கேட்டுப் பார்க்கலாம். செலவில்லாத பரீட்சை, ஆனால் விடைத்தாளைத் திருத்துகிறவர் நமக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறார்.